வெண்ணிலாவுக்குக் கல்யாணம் செய்து வைத்த சிறுவன்

ஐஸ்கிரீம் கடைப் பலகையில் 'வெண்ணிலா' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, வெள்ளையாக நிலா போல இருப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. நிலாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஸ்பானிஷ் மொழியில் 'வைனா' என்றால் உறை. கத்திக்கு உறை இருக்கிறதே, அந்த உறை. 'வைனில்யா' என்றால் சின்ன உறை. காராமணிக்காயைக் கொஞ்சம் தடிமனாக்கி ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு காய் அது. அதற்கு ஸ்பானியர்கள் வைத்த பெயர்தான் பிரெஞ்சில் 'வனீய்' ஆகி, இங்கிலீஷில் 'வனிலா' ஆகி, நம் வாயில் வெண்ணிலாவாக நிற்கிறது.

இந்தக் கொடியைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக எண்ணம். அதற்கு இரண்டு காரணங்கள். பூ எப்படிக் காயாகிறது என்ற பள்ளிக்கூடத்துப் பாடத்தை, பள்ளிக்கூடமே போகாத பன்னிரண்டு வயது அடிமைப் பையன் ஒருவன் தன் கட்டைவிரலால் செய்து காட்டினான். அதனால் ஒரு தீவே பிழைத்தது என்பது முதல் காரணம். அந்தத் தீவு நம் புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்கு அந்நியமான இடம் அல்ல என்பது இரண்டாவது. ரெயுனியோன் என்றதும் நம் வாசகர்களில் சிலருக்காவது ஒரு பெரியப்பா வீடோ, சின்ன தாத்தா வழி உறவோ நினைவுக்கு வரும்.

முதலில் பாடத்தைக் கொஞ்சம் புரட்டிக்கொள்வோம். பூவில் ஆண் பாகம் உண்டு, பெண் பாகம் உண்டு. ஆண் பாகத்தில் மகரந்தத் தூள் இருக்கும். அது பெண் பாகத்தின் நுனியில், அதாவது சூல்முடியில், போய் ஒட்ட வேண்டும். ஒட்டிய தூள் உள்ளே ஒரு மெல்லிய குழாய் விட்டு இறங்கி, சூலகத்தில் இருக்கும் சூல்களைச் சேரும். சூல் விதையாகும், சூலகம் காயாகும். பூசணி, பீர்க்கு, பாகல் கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் பிஞ்சு போல ஒரு முடிச்சு முதலிலேயே இருக்கும். வண்டு, தேனீ வராமல் போனால் அந்தப் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் காலையிலேயே ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவில் லேசாகத் தேய்த்துவிடுவார்கள். பேரீச்சை வளர்க்கும் அரபு நாட்டவர்கள் ஆண் பாளையை வெட்டிக்கொண்டு பெண் மரம் ஏறி இதே வேலையை ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் செய்து வருகிறார்கள். ஆக, மனிதன் பூவுக்குத் தரகு வேலை பார்ப்பது புதிது அல்ல.

வெண்ணிலா ஆர்க்கிட் குடும்பத்துக் கொடி. அதன் பூவில் ஆண் பாகம், பெண் பாகம் இரண்டும் ஒரே தூணில் மேலும் கீழுமாக இருக்கின்றன. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒன்றை ஒன்று தொட முடியாது. நடுவில் மெல்லிய தோல் மடிப்பு ஒன்று திரை போலத் தொங்கும். மகரந்தமோ காற்றில் பறக்கும் தூளாக இல்லாமல் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று அடித்தாலும் மழை பெய்தாலும் திரை விலகாது. போதாக்குறைக்கு அந்தப் பூ விடியற்காலையில் மலர்ந்து அன்று பிற்பகலுக்குள் வாடிவிடும். ஒரு பூவுக்கு ஒரே காலைப் பொழுதுதான் வாய்ப்பு.

அதன் சொந்த ஊர் மெக்சிகோ. அங்குள்ள தொத்தோனாக் பழங்குடிகள் காட்டிலிருந்து இந்தக் காயை எடுத்துப் பதப்படுத்தக் கற்றிருந்தார்கள். அவர்களை வென்ற அஸ்தெக் அரசர்கள் கொக்கோ பானத்தில் இதைச் சேர்த்துக் குடித்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வந்து, கொக்கோவையும் வெண்ணிலாவையும் சேர்த்தே ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். பிரெஞ்சு அரசவையில் அதற்கு ஏகக் கிராக்கி. ஆனால் காய் மெக்சிகோவிலிருந்துதான் வர வேண்டும். கொடியைக் கொண்டுபோய் ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளில் வைத்தார்கள். நன்றாக வளர்ந்தது, பூத்தது. காய் மட்டும் வரவில்லை. மெக்சிகோ காட்டில் அந்தத் திரையை விலக்கத் தெரிந்த தேனீ இருந்தது. கொடி கப்பல் ஏறியது, தேனீ ஏறவில்லை. இப்படியே ஏறக்குறைய முந்நூறு வருஷங்கள் மெக்சிகோ ஒன்றே உலகத்துக்கு வெண்ணிலா கொடுத்தது.

இந்தப் புதிரை முதலில் அவிழ்த்தவர் பெல்ஜியத்தின் லியேழ் நகரத் தாவரவியல் பேராசிரியர் ஷார்ல் மோரேன். 1836-இல் தன் கண்ணாடி வீட்டுப் பூக்களில் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்கவைத்தார். இரண்டு வருஷம் கழித்து பாரிஸ் தாவரத் தோட்டத்தில் நேமான் என்ற தோட்டத் தலைவரும் வெற்றி கண்டார். இவர்கள் செய்தது சரியான விஞ்ஞானம். ஆனால் காலை வேளையில் ஆயிரம் பூக்களை முடிக்க வேண்டிய தோட்டக்காரனுக்கு ஏற்ற எளிய முறையாக அது தோட்டங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

இனி இந்துமாக் கடலுக்கு வருவோம். மடகாஸ்கருக்குக் கிழக்கே ரெயுனியோன் தீவு. அப்போது அதன் பெயர் புர்போன். புரட்சிக் காலத்தில் ஒரு முறை மாறி, பிறகு பழையபடி ஆகி, 1848-இல் ரெயுனியோன் என்று நிலைத்தது. நம் ஊரில் தெருப் பெயராக நிற்கும் லபூர்தொனே, 1746-இல் சென்னைப் பட்டணத்தைப் பிடித்தாரே, அவர் கவர்னராக இருந்தது இந்தத் தீவுக்கும் பக்கத்து மொரீஷியசுக்கும்தான். காப்பித் தோட்டம், பிறகு கரும்புத் தோட்டம். வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்து வரப்பட்ட அடிமைகள்.

இந்தத் தீவுக்கு வெண்ணிலாக் கொடியை முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பெயரைக் கேட்டால் புதுச்சேரி வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1819-இல் பிலிபேர் என்ற கப்பல் தலைவரோடு புறப்பட்ட தாவரவியலாளர் பெரொத்தே. கயேன் பக்கத்திலிருந்து ஒரு தடவையும் பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து மறு தடவையும் கொடிகள் வந்தன. அதே பெரொத்தேதான் பிற்காலத்தில் நம் ஊருக்கு வந்தார். 1826-இல் தொடங்கிய நம் தாவரத் தோட்டத்தைப் பல வருஷங்கள் பார்த்துக்கொண்டு, 1870-இல் புதுச்சேரியிலேயே காலமானார். பொட்டானிக்கல் கார்டனில் காலையில் நடக்கப் போகும் அன்பர்கள் அவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

அவர் கொண்டுவந்த கொடிகளால் புர்போனுக்குப் பயன் கிட்டவில்லை. 1822-இல் மர்ஷான் என்பவர் பாரிஸ் தோட்டத்திலிருந்து சில துண்டுகள் கொண்டுவந்தார். அவைதான் நிலைத்தன. வெண்ணிலாவைப் பரப்ப விதை வேண்டாம். அதன் விதை கரும்புள்ளி போன்றது, உள்ளே சேமித்த உணவு கிடையாது, தானே முளைப்பது கடினம். தண்டை ஒரு முழம் நறுக்கி மர நிழலில் ஊன்றினால் போதும். கணுக்கணுவாக வேர் விட்டு மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும். மரத்தின் சாற்றை உறிஞ்சாது, பற்றிக்கொள்ள மட்டுமே மரம். அதனால் புர்போனில் கொடிக்குப் பஞ்சமில்லை. வேலிகளிலும் மரங்களிலும் படர்ந்தது, வருஷா வருஷம் பூத்தது, உதிர்ந்தது. இருபது வருஷம் அது வெறும் அலங்காரக் கொடியாகவே இருந்தது.

தீவின் வடகிழக்கில் சேந்த்-சுஸான் என்ற ஊர். அங்கே பெல்வியூ என்ற தோட்டத்தின் சொந்தக்காரர் ஃபெரியோல் பெலியே-பொமோன். செடி கொடிகளில் பைத்தியமாக இருந்த மனிதர். 1829-இல் அந்த ஊரில் மெலிஸ் என்ற அடிமைப் பெண்ணுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத்தில் தாய் இறந்துபோனாள். குழந்தைக்கு எட்மோன் என்று பெயர். அடிமைக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பெயர் அதோடு முடிந்தது. தாயில்லாத அந்தப் பையன் ஃபெரியோலின் வீட்டில் வளர்ந்தான். அவர் தோட்டத்தைச் சுற்றும்போதெல்லாம் பின்னாலேயே போவான். எந்தச் செடிக்கு என்ன பெயர், எந்தப் பூ எப்படிக் காய்க்கும் என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வான். எழுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் பிறந்த நிலைமைக்கு அது வழக்கமில்லை.

தர்பூசணி இனத்தைச் சேர்ந்த ஒரு கொடியில், ஆண் பூவையும் பெண் பூவையும் எப்படிச் சேர்த்துவைப்பது என்று ஃபெரியோல் ஒருநாள் அவனுக்குக் காட்டியிருந்தார். நாம் பூசணிக்குச் செய்வதுதான். பையன் அதை மனதில் போட்டு வைத்துக்கொண்டான்.

1841-ஆம் வருஷக் கடைசி. ஃபெரியோல் பையனைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்தார். இருபது வருஷமாகக் காய்க்காத அவருடைய வெண்ணிலாக் கொடியில் ஒரு காய் தொங்குகிறது. இன்னொன்றும் இருப்பதைப் பையன் காட்டினான். அவருக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. "நான்தான் செய்தேன்" என்றான் எட்மோன். அவர் நம்பவில்லை. சில நாள் கழித்து இன்னொரு பூவும் காயாக நீண்டது. அப்போதுதான், "எப்படிச் செய்தாய், காட்டு" என்றார்.

அவன் காட்டியது மிகச் சுருக்கமான வேலை. இடது கையால் பூவைப் பிடித்து உதடு போன்ற இதழைக் கிழித்தான். ஈர்க்குச்சி போன்ற மெல்லிய மூங்கில் சிம்பால் நடுவில் இருந்த திரையை மேலே தூக்கினான். பிசுபிசுத்த மகரந்தத்தைக் கட்டைவிரலால் சூல்முடி மேல் அழுத்தினான். முடிந்தது. சில நொடி வேலை. பெரிய படிப்பாளிகளின் கண்ணாடி வீட்டில் நடந்த அதே காரியம் ஒரு குச்சிக்கும் ஒரு விரலுக்கும் அடங்கிவிட்டது. இன்றும் ரெயுனியோனில் இதை 'எட்மோனின் கைவண்ணம்' என்ற பொருளில்தான் சொல்கிறார்கள்.

ஃபெரியோல் மற்றத் தோட்டக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். தங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கும்படி அவர்கள் எட்மோனைக் கேட்டார்கள். வண்டி அனுப்பிப் பையனை அழைத்துப் போனார்கள். அடிமைப் பையன் வண்டியில் உட்கார்ந்து தோட்டம் தோட்டமாகப் போய் மற்ற அடிமைகளுக்குப் பாடம் நடத்தினான். தீவிலேயே முதல் வெண்ணிலா வாத்தியார் அவன்தான்.

இதன் பலன் மெதுவாகத்தான் தெரிந்தது. கொடி பூக்க மூன்று வருஷம் ஆகும். காய் முதிர எட்டு ஒன்பது மாதம் ஆகும். பச்சைக் காயில் வாசனையே இல்லை. வெந்நீரில் சில நிமிஷம் அமிழ்த்தி எடுத்து, கம்பளியில் சுற்றி வியர்க்கவைத்து, நாள்தோறும் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டி, பிறகு நிழலில் உலர்த்தி, பெட்டியில் அடைத்துப் பல மாதம் வைத்தால்தான் கறுத்துச் சுருங்கி மணக்கும். இதையெல்லாம் தீவுக்காரர்கள் படிப்படியாகக் கற்றார்கள். 1848-இல் பிரான்சுக்குப் போனது வெறும் 50 கிலோ. 1858-இல் 2 டன். 1867-இல் 20 டன். 1898-இல் 200 டன். மெக்சிகோ பின்தங்கிப் போனது. 'புர்போன் வெண்ணிலா' என்ற பெயர் இன்றும் உயர்ந்த சரக்குக்கு அடையாளமாக இருக்கிறது.

தோட்ட வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. அங்கே கொடியைச் சவுக்கு மரத்திலும் தாழை இனத்தைச் சேர்ந்த வக்குவா மரத்திலும் ஏற்றுகிறார்கள். விட்டால் கொடி உச்சிக்குப் போய்விடும். அதனால் ஆள் உயரத்துக்கு வந்ததும் வளைத்துக் கீழே தொங்கவிடுகிறார்கள். கைக்கு எட்டும் என்பது ஒரு லாபம். தண்டு வளைந்து, நுனியும் கிள்ளப்பட்டால் கொடி மேலும் மேலும் நீள்வதை விட்டுப் பூக்கத் தொடங்கும் என்பது அடுத்த லாபம். ஒரு கொத்தில் பதினைந்து இருபது பூ வந்தாலும் எட்டுப் பத்துக்குத்தான் மகரந்தம் சேர்ப்பார்கள். இலை சமைக்கும் சர்க்கரை தண்டின் வழியாகக் காய்களுக்குப் போகிறது. காய் அதிகமானால் பங்கு போதாது. காயும் சிறுக்கும், கொடியும் நலிந்துபோகும். வீட்டு வரவுக்கு ஏற்ற பிள்ளைகள் என்று நம் காலத்தில் சுவரெல்லாம் எழுதினார்களே, அந்தக் கணக்குத்தான்.

பூக்கும் பருவத்தில் இந்த வேலை பெரும்பாலும் பெண்கள் கையில். அவர்களுக்கு அங்கே 'மரியேஸ்' என்று பெயர். கல்யாணம் முடித்து வைப்பவள் என்று பொருள். கை தேர்ந்த பெண் ஒரே காலையில் ஆயிரம் பூவுக்கு மேல் முடித்துவிடுவாள்.

தோட்டக்காரர்களுக்குப் பணம் வந்தது. எட்மோனுக்கு என்ன வந்தது?

1848 டிசம்பர் 20-ஆம் தேதி தீவில் அடிமை முறை ஒழிந்தது. பிரான்சிலிருந்து வந்த சர்தா கரிகா என்ற அதிகாரி அதை அறிவித்தார். சுமார் 62,000 பேர் ஒரே நாளில் விடுதலை ஆனார்கள். அடுத்த வருஷம் ஒரு சட்டம் வந்தது. அடிமைகளை இழந்த சொந்தக்காரர்களுக்கு அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்தது. விடுதலை ஆனவர்களுக்கு ஒரு சல்லியும் இல்லை, ஒரு குழி நிலமும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு குடும்பப் பெயர். பதிவேட்டில் எழுதக் குடும்பப் பெயர் வேண்டுமே என்று அதிகாரிகள் நின்ற இடத்தில் ஆளுக்கொன்று எழுதினார்கள். எட்மோனுக்கு 'அல்பியுஸ்' என்று விழுந்தது. லத்தீனில் 'அல்பா' என்றால் வெள்ளை. கறுத்த இளைஞனுக்கு வெள்ளை என்று பெயர்.

குடும்பப் பெயர் விஷயம் நம்மவர்களுக்குப் புரியும். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி உத்தரவின்படி புதுச்சேரியில் 'ரெனோன்சான்'களாகப் பதிந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி பிள்ளை 'லாப்போர்த்' ஆனார். கதவு என்று பொருள். உரிமைக்கான கதவு என்று அவர் மனதறிந்து எடுத்த பெயர். நம்மவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். எட்மோனுக்கு யாரோ எழுதினார்கள். பிறப்புப் பதிவேடும் பெயர் மாற்ற மனுவுமாகப் பல வருஷம் வேலை பார்த்த எனக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது.

விடுதலை ஆனதும் எட்மோன் தோட்டத்தை விட்டுத் தலைநகர் சேன்-தெனிக்குப் போனார். (இனி 'போனார்' என்றே எழுதுகிறேன், சுதந்திர மனிதர் ஆயிற்றே.) அங்கே ஒரு வீட்டில் சமையல்கட்டு வேலை. நகைத் திருட்டு ஒன்றில் சிக்கினார். 1852-இல் ஐந்து வருஷக் கடுங்காவல் தண்டனை விழுந்தது. அப்போது சேந்த்-சுஸானில் நீதிபதியாக இருந்த மெசியேர் லெப்பெர்வான்ஷ் என்பவர் கவர்னருக்கு எழுதினார். இந்தத் தீவின் செழிப்புக்கு ஒரு புதிய வழி திறந்தவன் இந்தச் சிறைவாசி, அவனுக்குக் கருணை காட்ட வேண்டும் என்று வாதாடினார். தண்டனை முடியும் முன்பே எட்மோன் வெளியே வந்தார். சேந்த்-சுஸானுக்கே திரும்பிப் போய்விட்டார்.

இதற்குள் இன்னொரு பேச்சு கிளம்பியிருந்தது. தீவின் அரசாங்கத் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்தவர் ழான்-மிஷெல்-க்ளோத் ரிஷார். பெயர் பெற்ற தாவரவியலாளர். வெண்ணிலாவுக்குக் கையால் மகரந்தம் சேர்க்கும் வித்தையைத் தாமே பாரிசில் கற்று வந்ததாகவும், 1838-இல் தீவில் சிலருக்குச் செய்து காட்டியதாகவும், அந்தப் பையன் அங்கே நின்று பார்த்திருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். ஒரு பக்கம் அரசாங்கப் பதவியும் புத்தகமும் உள்ள மனிதர். மறு பக்கம் எழுதப் படிக்கத் தெரியாத, ஜெயிலுக்குப் போய் வந்த கறுப்பர். ஊர் யாரை நம்பும்?

அப்போதுதான் ஃபெரியோல் பேனாவை எடுத்தார். 1860-களின் தொடக்கத்தில், தீவின் வரலாற்றைத் தொகுத்துக்கொண்டிருந்த வோல்சி-ஃபொக்கார் என்பவருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் பேசப்படுகிறது. ரிஷார் தம் நெடுநாள் நண்பர், அவருக்கு வருத்தம் தருவது தமக்கும் வருத்தமே, ஆனால் எட்மோனுக்கும் தாம் கடமைப்பட்டிருப்பதாகச் சொல்கிறார். நண்பருக்கு நினைவு பிசகிவிட்டது என்று நாகரிகமாக ஒதுக்குகிறார். கொடியில் காயைப் பார்த்த நாளையும், பையன் செய்து காட்டியதையும், தோட்டக்காரர்கள் வண்டி அனுப்பியதையும் வரிசையாக எழுதுகிறார். 1838-இலேயே ரிஷார் கற்றுக்கொடுத்திருந்தால், மூன்று வருஷம் ஒரு தோட்டத்திலும் காய் விழாமல் போனது ஏன்? பன்னிரண்டு வயதுப் பையனுக்காக எதற்கு வண்டி கட்ட வேண்டும்? இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

ஃபெரியோலை நான் மகானாக்கவில்லை. அவருடைய குடும்பம் அந்தப் பையனை உடைமையாக வைத்திருந்தது. பையனுடைய வித்தையால் அவரும் சம்பாதித்தார். மடியில் வைத்து வளர்த்த பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தராத அந்தக் கால எஜமானர்தான் அவர். ஆனால் சொல்ல வேண்டிய நேரத்தில், சொல்ல வேண்டிய இடத்துக்கு, தேதியும் சாட்சியுமாகக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் இல்லையென்றால் இன்று தாவரவியல் புத்தகங்களில் ரிஷார் பெயர் இருந்திருக்கும். எட்மோன் என்று ஒருவர் இருந்தார் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. குமாஸ்தா உத்தியோகம் பார்த்த எங்களுக்கு ஒன்று தெரியும். ஆபீசில் வாயால் சொன்னது மறுநாள் காணாமல் போகும். ஃபைலில் ஏறியதுதான் ஐம்பது வருஷம் கழித்தும் பேசும்.

ஃபைல் நன்மை செய்யாமல் போன இடமும் உண்டு. எட்மோனுக்குச் சம்மானமாக ஒரு சிறு தொகை அல்லது உதவிப் பணம் தரும்படி அரசாங்கத்திடம் கேட்கப்பட்டது. ஒன்றும் வரவில்லை. 1880 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, சேந்த்-சுஸான் மருத்துவமனையில், ஏழ்மையில் எட்மோன் அல்பியுஸ் இறந்துபோனார். வயது 51. தீவின் பத்திரிகை ஒன்று அவர் மரணத்தைச் சில வரிகளில் வெளியிட்டது. தீவுக்குப் பெரும் லாபம் தேடித் தந்தவர் வறுமையில் போய்ச் சேர்ந்தார், உதவி கேட்ட மனுவுக்குப் பதிலே வரவில்லை என்பது அந்தச் செய்தியின் சாரம். அந்த வருஷமும் கப்பலில் வெண்ணிலா பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டுதான் இருந்தது.

எட்மோனின் பிற்கால வாழ்க்கையின்போதே நம்மவர்கள் அந்தத் தீவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். 1828-இல் ஏனாமிலிருந்து முதல் சிறு கூட்டம் போயிருந்தது. அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கிக் கப்பல் ஏற்றினார்கள். 1860-களில் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்க அனுமதி வந்தது. அங்கே நடந்த கொடுமைகளைக் கேட்டு 1882-இல் பிரிட்டிஷார் அதை நிறுத்தினார்கள். அப்படிப் போனவர்களின் சந்ததியார்தான் இன்று அங்கே 'மல்பார்' என்று அழைக்கப்படுகிறார்கள். பெயர் மலபார் என்றாலும் பெரும்பாலோர் தமிழர். கோயில் கட்டித் தீ மிதிக்கிறார்கள். பேச்சு கிரெயோல். எட்மோன் விட்டுப் போன இடத்தில், அதே எஜமானர்களின் தோட்டத்தில், நம் ஜனங்கள் குனிந்து வேலை செய்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

எங்கள் காலத்தில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்குக் கோல்வா இனத்தார் தொடங்கி நெப்போலியன் வரை தலைகீழாகத் தெரியும். ரெயுனியோன் தீவின் மலைகளையும் துறைமுகத்தையும் பூகோளத்தில் ஒப்பித்திருக்கிறோம். எட்மோன் அல்பியுஸ் என்று ஒரு வரி எங்கும் வந்ததில்லை. இந்தக் கதையை நான் படித்துத் தெரிந்துகொண்டது ஓய்வு பெற்ற பிறகுதான். இப்போது சேந்த்-சுஸானில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. டிசம்பர் 20 அங்கே விடுமுறை, கொண்டாட்டம்.

வெண்ணிலாவின் பிற்காலம் உங்களுக்கு ஓரளவு தெரிந்ததே. எட்மோனின் வித்தை 19-ஆம் நூற்றாண்டிலேயே மடகாஸ்கருக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று உலகத்திலேயே அதிகமாக விளைவது அங்கேதான். 1858-இல் கோப்லே என்ற பிரெஞ்சு ரசாயனர் காயின் வாசனைச் சத்தான வனிலினைப் பிரித்தெடுத்தார். 1874-இல் ஜெர்மானியர் இருவர் அதைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். நம் பேரப்பிள்ளைகள் சாப்பிடும் ஐஸ்கிரீமில் பெரும்பாலும் இருப்பது அந்தச் செயற்கைச் சத்துத்தான். 2000-க்குப் பிறகு விலை ஏறிய சமயத்தில் கேரளத்திலும் கர்நாடகத்திலும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் பலர் ஆசையாகக் கொடி வைத்தார்கள். சில வருஷத்தில் விலை சரிந்ததும் நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொண்டு கொடியைப் பிடுங்கிப் போட்டார்கள்.

ஆனால் காயாக விளையும் வெண்ணிலா எந்த நாட்டில் விளைந்தாலும், மெக்சிகோ காட்டின் ஒரு சிறு பங்கு தவிர, ஒவ்வொரு பூவுக்கும் ஒரு மனிதக் கைதான் திரையை விலக்குகிறது. விமானமும் கம்ப்யூட்டரும் வந்த பிறகும் அந்த வேலைக்கு இயந்திரம் வரவில்லை. ஒரு குச்சி, ஒரு கட்டைவிரல், 1841-இல் செய்தது போலவே.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ரெயுனியோனுக்கோ மொரீஷியசுக்கோ கப்பலேறிப் போன முன்னோர்களின் கதை உங்கள் வீடுகளில் இருக்கும். பாட்டி சொன்னது, பழைய கடுதாசியில் இருப்பது, பெட்டிக்கு அடியில் கிடக்கும் ஒப்பந்தச் சீட்டு, எதுவானாலும் பேர், ஊர், வருஷம் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நமக்குப் பின்னால் சொல்ல ஆள் இருக்காது. முடிந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.